வேதநாயகரும் செயல்வழிச் சமயமும்

சமயப்பற்று இலக்கியத்துள் இரு வழிகளில் புகும். சமயத்தையே பாடுபொருளாகக் கொண்டு காப்பியமாகவும் பதிகமாகவும் பாடுவது ஒரு வழி. சமயம் கற்பித்த அறத்தை முதலில் வாழ்வில் கைக்கொண்டு, அவ்வாழ்விலிருந்து எழுத்தைப் பிறப்பிப்பது மற்றொரு வழி. முதல் வழிக்குத் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் பெருமைமிக்க சான்றுகள் உள்ளன. இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726 ஆம் ஆண்டில் சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு தேம்பாவணியை இயற்றினார். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் சமய வேறுபாடின்றித் தமிழுலகம் போற்றி வந்திருக்கிறது.

இரண்டாம் வழியில் சென்றவரை மதிப்பிடுதல் அத்துணை எளிதன்று. அவருடைய சமயம் நூலின் முகப்பில் எழுதப்பட்டிராது. அவர் வகித்த பதவியில், அவர் எடுத்துக்கொண்ட பணியில், பிறர் துன்புற்ற காலத்தில் அவர் நின்ற நிலையில் அதனைத் தேடிக் காணவேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அத்தகையவர். ‘தமிழில் முதல் நாவல் எழுதியவர்’ என்ற ஒரு வரியோடு அவரை நாம் முடித்துவிடுகிறோம். பாடநூலும் அதையே சொல்கிறது. ஆண்டு விழா மேடையும் அதையே சொல்கிறது. அவ்வரி உண்மையே. ஆயினும் அது அவருடைய முழு அளவைக் காட்டுவதில்லை. கிறித்தவ விசுவாசம் செயலாக மலரும்போது இலக்கியம் எவ்வாறு அமையும், அது எதனை விட்டுச் செல்லும் என்பதற்கு அவர் ஒரு தெளிந்த எடுத்துக்காட்டு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெங்களூரில் அலசூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்கலாம். 1809 ஆம் ஆண்டளவில் இங்கே ‘தண்டு’ என்று மக்கள் வழங்கும் கண்டோன்மெண்ட் அமைந்தது முதல், படையோடும் வணிகத்தோடும் கூலி வேலையோடும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறினர். ஊரைவிட்டு வந்தவர் தம் மக்களுக்கு எதை விட்டுச் செல்வது என்னும் வினா அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒருவர் தகுதியை அளக்க வள்ளுவர் ‘எச்சம்’ என்றொரு சொல்லைத் தந்தார். வேதநாயகரின் எச்சம் எது என்று காண்பது, நம் எச்சம் எதுவாக இருக்கலாம் என்று எண்ணவும் துணை செய்யும்.

வாழ்வும் பதவியும்

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857 இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் பதவி ஏற்றார். சீர்காழியிலும் அப்பதவி வகித்தபின் மாயூரத்திற்கு வந்து பல்லாண்டுகள் நீதி வழங்கினார். அதனாலேயே ‘மாயூரம்’ அவர் பெயரின் முன்னொட்டாயிற்று. பணியிலிருந்து விலகியபின் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1889 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் குருவாகவோ உபதேசியாராகவோ இருந்தவர் அல்லர், அரசு அலுவலர். நிலத் தகராறும் கடன் வழக்குமாக நாள்தோறும் கோப்புகளைப் புரட்டியவர். சமயத்தைச் செயலில் காட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த களம் நீதிமன்ற நாற்காலியே. யாக்கோபின் திருமுகம் விசுவாசத்தைச் செயலால் மெய்ப்பிக்குமாறு வற்புறுத்துகிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவது? வேதநாயகரின் முதல் நூலே இதற்கு விடை தருகிறது.

1859 இல் வெளிவந்த அந்நூல் ‘நீதிநூல்’. கடவுள் பற்று, பெற்றோர் கடமை, அரசர் இயல்பு முதலியவற்றோடு கையூட்டின் இழிவையும் அது கடிந்து பேசுகிறது. கையூட்டைக் கடிந்து பாடிய புலவர் பலர். ஆனால் அவருட் பலர் கையூட்டு வாங்கும் வாய்ப்பே இல்லாதவர். நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர் அதைக் கடிந்து அச்சிட்டு வெளியிடும்போது, தம் கையைத் தாமே கட்டிக்கொள்கிறார். அந்நூலைப் படித்த எந்த வழக்காளியும் அவர் முன் நின்று அவரையே அந்நூலால் அளக்கலாம். கவிதைச் சுவையில் நீதிநூல் பழைய அறநூல்களுக்கு நிகராகாது. யாப்பு சில இடங்களில் கருத்தைச் சுமந்து தளர்கிறது. உவமைகள் பல, முன்னோர் கையாண்டவையே. எனினும் சொன்னவர் தம்மைப் பிணைத்துக்கொண்டு சொன்ன நூல் என்ற தகுதி அதற்கு உண்டு. அறநூலை மதிப்பிடும்போது இத்தகுதியைப் புறக்கணித்தல் ஆகாது.

மறக்கப்பட்ட மொழிபெயர்ப்பு

வேதநாயகர் நூல்களுள் இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் பெயரளவில் குறித்துவிட்டுக் கடந்துசெல்லும் நூல் ஒன்று உள்ளது. ‘சித்தாந்த சங்கிரகம்’ என்பது அதன் பெயர். 1805 முதல் 1861 வரை சென்னை மாகாணத்தின் உயர்ந்த நீதிமன்றமாகிய சதர் கோர்ட்டு வழங்கிய தீர்ப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தொகுத்து, 1862 இல் அவர் வெளியிட்டார். தொடர்ந்து வந்த தீர்ப்புகளையும் தமிழாக்கினார்.

இதனைச் சட்ட நூல் என்று ஒதுக்குவது நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. அக்கால நிலையை எண்ணிப் பார்ப்போம். வழக்காடுபவர் தமிழர், சாட்சி சொல்பவர் தமிழர், நிலமும் வீடும் தமிழர்களுடையவை. அவற்றின் விதியை முடிவுசெய்யும் தீர்ப்புகளோ அவர்கள் அறியாத ஆங்கிலத்தில் உறங்கின. ஏழை உழவனுக்குத் தன் வழக்குப் போன்ற வழக்கில் முன்பு என்ன தீர்ப்பு வந்தது என்று தெரியாது. தெரிந்தவர் சொல்வதை நம்பவேண்டும். சொல்வதற்குக் காசும் தரவேண்டும். இருமொழி அறிந்த ஒருவர் இந்நிலையைத் தம் வருவாய்க்கு வழியாக்கிக்கொள்ளலாம். வேதநாயகர் அச்சுவரில் கதவு திறந்தார்.

கிறித்தவ மரபில் மொழிபெயர்ப்பு என்றால் திருமறையின் மொழிபெயர்ப்பே நம் நினைவுக்கு வரும். 1715 இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதிலிருந்து அம்மரபு தொடங்குகிறது. அதே தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்த வேதநாயகர், மறைநூல் மக்கள் மொழியில் வேண்டும் என்ற கொள்கையைச் சட்டத்துக்கும் விரித்தார் எனலாம். கடவுளின் சொல்லை மக்கள் தம் மொழியில் கேட்கவேண்டுமாயின், தம்மை ஆளும் சட்டத்தின் சொல்லையும் அவ்வாறே கேட்கவேண்டும் அன்றோ?

இவ்வேட்கை அவரிடம் ஒரு நூலோடு நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் எழுதிய பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ் வழங்கும் நாட்டின் நீதிமன்றத்தில் தமிழ் வழக்கறிஞர் தமிழ் நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை எள்ளி நகையாடுகிறார். கட்சிக்காரன் தன் வழக்கையே புரிந்துகொள்ளாமல் விழித்து நிற்கும் அவலம் அந்நகைப்பின் அடியில் உள்ளது. அவருடைய எள்ளல் இன்றும் பழமையாகிவிடவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006 இல் தீர்மானம் நிறைவேற்றியது. அது இன்னும் கைகூடவில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடத் தொடங்கியது 2019 இல்தான். 1862 இல் தனியொருவர் தொடங்கிய பணியின் பெருமை இவ்வாண்டுகளை எண்ணிப் பார்க்கும்போது புலப்படும்.

பிரதாப முதலியார் சரித்திரத்தின் நிறையும் குறையும்

1879 இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைத் தமிழின் முதல் நாவல் என்று கொள்வது மரபு. நாவல் என்ற அளவுகோலால் அளந்தால் அதில் குறைகள் பல. கதை ஓரிடத்தில் நில்லாது கிளைக்கதைகளுக்குள் அடிக்கடி ஓடிவிடுகிறது. நல்லவர் முற்றும் நல்லவராகவே இருக்கின்றனர். நீதியைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் ஆசிரியர் கதைமாந்தரை ஒதுக்கிவிட்டுத் தாமே பேசத் தொடங்குகிறார். பதினேழு ஆண்டுகளுக்குப்பின் 1896 இல் நூலாக வெளிவந்த ராஜம் அய்யரின் கமலாம்பாள் சரித்திரத்தோடு ஒப்பிட்டால், மனத்தின் உட்புறத்தைக் காட்டும் திறன் வேதநாயகருக்கு வாய்க்கவில்லை என்றே கூறவேண்டும்.

இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னரே அதன் நிறையைக் காணவேண்டும். நூலின் தொடக்கப் பகுதியில் ஒரு வேடிக்கை வருகிறது. செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளை பிரதாபன். அவனை ஆசிரியர் அடிக்கலாகாது. ஆகவே அவன் படியாத பாடத்துக்கு, உடன் பயிலும் கனகசபை என்னும் பிள்ளை அடி வாங்குகிறான். படிப்பவர் சிரித்துவிடுவர். சிரிப்பு ஓய்ந்தபின் நெஞ்சில் ஒன்று உறுத்தும். தவறு ஒருவனுடையது, தழும்பு மற்றொருவனுடையது. குற்றமற்றவர் ஒருவர் பிறர் குற்றத்தின் தண்டனையைத் தாங்குவது கிறித்தவ விசுவாசத்தின் நடுநாயகமான செய்தி. அதனை ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவர் நீதிமன்றத்திலும் நாள்தோறும் அதன் மறுபக்கத்தைக் கண்டார்: அங்கே எளியவன் தானே விரும்பி அன்றி, வலியவனுக்காகக் கட்டாயமாக அடிபடுகிறான். அன்பால் ஏற்றால் தியாகமாகும் ஒன்று, வலிந்து சுமத்தினால் கொடுமையாகிறது. வேதநாயகர் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. ஒரு பள்ளிக்கூட வேடிக்கையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நூல் முழுவதிலும் அவர் கலைஞராக வென்ற இடங்களுள் இதனை நாம் முதலில் வைப்போம்.

இரண்டாவது, ஞானாம்பாள். ஆண் உடையில் இருக்கும் அவளை விக்கிரமபுரியில் பட்டத்து யானை மாலையிட்டு அரசாக்குகிறது. அங்கே ஆட்சி பாழ்பட்டுக் கிடக்கிறது. அவள் நீதியையும் நிர்வாகத்தையும் திருத்துகிறாள். எளியவரின் முறையீட்டைக் கேட்கிறாள். இறுதியில் ஆட்சியைப் பற்றிக்கொள்ளாமல் விட்டு நீங்குகிறாள். முன்சீப் ஒருவர் தம் துறையைப் பற்றிக் கண்ட கனவே விக்கிரமபுரிப் பகுதி என்று கொள்ளலாம். அக்கனவை ஒரு பெண்ணின் கையில் கொடுத்தது அவருடைய துணிவு. 1869 இல் ‘பெண்மதிமாலை’யில் பெண்கல்வியை வாதிட்டு நிறுவியவர், பத்து ஆண்டுகளுக்குப்பின் அக்கல்வி என்ன செய்யும் என்பதைக் கதையாகக் காட்டினார்.

இவ்விடத்தில் நடுநிலை தவறாது மற்றொன்றையும் சொல்லவேண்டும். ஞானாம்பாள் ஆளுவது ஆண் வேடத்தில். பெண்ணாகவே அரியணையில் அமர அவளுக்கு ஆசிரியர் இடம் கொடுக்கவில்லை. அறிவில் கணவனை விஞ்சியவளாகப் படைத்தபின்னும் இல்லறப் பணிவையே அவளுடைய அணியாக வைத்தார். இன்று படிக்கும் நம் பெண்மக்கள் இதனைச் சுட்டிக் காட்டுவர், அது சரியே. தம் காலத்தை விட்டு ஓரடி முன்னே வைத்தவர், இரண்டாம் அடியை நமக்கு விட்டுச் சென்றார் என்று கொள்வதே முறை.

நூலைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஆசிரியர் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆயினும் அவருடைய கதைமாந்தர் சைவ முதலியார் குடும்பத்தினர். அவர்களை அவர் இழித்துப் பேசவில்லை. மதம் மாற்றிக் கதையை முடிக்கவுமில்லை. அவர்களுடைய அறவுணர்வைத் தம்முடையது போலவே மதித்து எழுதினார். அண்டை வீட்டாரை அன்பு செய்யவேண்டும் என்ற கட்டளைக்கு எழுத்தாளன் செய்யக்கூடிய உரை, அண்டை வீட்டாரைக் குறைத்துக் காட்டாமல் எழுதுவதே ஆகும்.

சமரசத்தின் பொருள்

1878 இல் வேதநாயகர் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ அவருடைய சமயப்பற்றையே ஐயுறச் செய்யலாம். எச்சமயத்தவரும் பாடக்கூடிய முறையில், தெய்வத்தின் சிறப்புப் பெயர் எதனையும் சுட்டாது அவர் இயற்றிய இசைப்பாடல்கள் அவை. தம் சமயத்தை மறைத்துக்கொண்டார், அல்லது நீர்த்துப்போகச் செய்தார் என்று ஒருவர் குறை கூறக்கூடும்.

அக்குறை நில்லாது. தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம், திருவருள் மாலை, சத்திய வேதக் கீர்த்தனை என்று தம் சமயத்தை வெளிப்படையாகப் பாடிய நூல்களும் அவரிடம் உண்டு. மறைப்பதற்கு அவருக்கு எதுவுமில்லை. வீட்டில் தம் மாதாவைப் பாடியவர், ஊர் கூடிய இடத்தில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும் என்று எண்ணினார். தம் நம்பிக்கையில் உறுதி உள்ளவருக்கே பிறருக்கு இடம் விட முடியும். உறுதியற்றவர் வேலி போட்டுக்கொள்வர்.

அவருடைய நட்பும் இதனை மெய்ப்பிக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் மீது அவர் பாடல்கள் இயற்றினார். அவ்வாதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்துக் கோவை’ பாடினார். உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இவர்களுடைய நட்பைப் பதிவு செய்துள்ளார். சைவ மடத்தின் புலவர் கத்தோலிக்க முன்சீப்பின் மேல் கோவை பாடியதும், கத்தோலிக்க முன்சீப் சைவ மடாதிபதியைப் பாடியதும் நம் இலக்கிய வரலாற்றின் ஒளிமிக்க ஏடுகள்.

இக்கீர்த்தனைகளின் கலைத்தரம் ஒரு சீராக இல்லை. சில பாடல்கள் அறிவுரையாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் அலுவலகத் தொல்லையையும் அன்றாட வாழ்வின் இடர்களையும் கடவுளிடம் பேச்சு நடையில் முறையிடும் பாடல்களில் அவர் குரல் தனித்துக் கேட்கிறது. அந்நூலில் பஞ்சத்தைப் பற்றிய பாடல்களும் உண்டு. நூல் வெளிவந்த ஆண்டைக் கருதினால், அப்பாடல்கள் கற்பனையில் பிறந்தவை அல்ல என்பது விளங்கும்.

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்தனர். மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது பொதுவான மதிப்பீடு. நாம் இன்று வாழும் இந்த மண்ணும் அதற்குத் தப்பவில்லை. மைசூர் அரசில் 1871 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை, 1881 இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் குறைந்தது. தஞ்சைத் தமிழரும் பெங்களூர்க் கன்னடரும் ஒரே பசியால் மெலிந்த காலம் அது.

அரசின் நிவாரணம் அளவுகோலும் தராசுமாக இருந்தது. 1877 இல் பஞ்ச அதிகாரியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், கடும் வேலை செய்பவருக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு மனிதன் எவ்வளவு குறைவாக உண்டு உயிர் தரிக்கலாம் என்பது கணக்கு வினாவாயிற்று. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனை எதிர்த்து வாதாட வேண்டியிருந்தது.

அந்நாளில் வேதநாயகர் முன்சீப் பதவியில் இல்லை. அரசாணை எதுவும் அவரை வேலை வாங்கவில்லை. தம் பொருளை எடுத்துப் பசித்தவருக்கு வழங்கினார். தாமே அக்கொடையைப் புகழ்ந்து எழுதவும் இல்லை. அதனைப் பாடி வைத்தவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். சிவபக்தராகிய அவர் கிறித்தவராகிய வேதநாயகரின் கொடையைக் கண்டு நெகிழ்ந்து கீர்த்தனை பாடினார் என்பது இலக்கிய வரலாறு போற்றும் செய்தி. மத்தேயு எழுதிய நற்செய்தியில், இறுதித் தீர்ப்பின்போது கேட்கப்படும் வினா பசித்தவருக்கு உணவளித்தாயா என்பதாகவே அமைகிறது. அவ்வினாவுக்குரிய விடையை மாயூரத்து மக்கள் கண்டனர். அயல் சமயத்துப் புலவர் சாட்சி சொன்னார். தம் சமயத்தார் தரும் சான்றிதழைக் காட்டிலும் இச்சாட்சி வலிமையுடையது என்று நாம் கருதுகிறோம்.

இங்கே திறனாய்வாளர் ஒருவர் தடுத்துக் கேட்கலாம்: வாழ்க்கை வேறு, எழுத்து வேறு, கொடையாளி என்பதற்காக ஒருவரது கவிதை உயர்ந்துவிடுமா? உயராது. முன்னர்க் காட்டிய குறைகள் குறைகளே. ஆனால் எழுத்தின் பொருளை அறிய வாழ்க்கை துணைநிற்கும். பஞ்சப் பாடல்களில் கடவுளிடம் அவர் உரிமையோடு வாதிடுகிறார். கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்ற ஒருவர் அவ்வாறு வாதிட்டிருந்தால் அது வெறும் அலங்காரம். தம்மிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டு, இனி நீர் கொடும் என்று கேட்பவரின் வாதத்துக்கு வேறு ஓசை உண்டு. அவ்வோசையை அப்பாடல்களில் கேட்கிறோம்.

நமக்குரிய எச்சம்

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். வேதநாயகர் தம் சமயத்தை வெளிப்படையாகப் பாடிய நூல்கள் இன்று அருகியே படிக்கப்படுகின்றன. அவர் பெயரை நிலைநாட்டியவை, கிறித்துவின் பெயரைச் சொல்லாத நாவலும் பொதுக் கீர்த்தனையும். அவருடைய கிறித்தவம் மிகுதியும் வெளிப்பட்டதோ, இலக்கியம் என்று எவரும் கருதாத தீர்ப்புத் தொகுப்பிலும், பெயர் தெரியாத மக்களின் வயிற்றில் விழுந்த உணவிலும். நிலைத்த எச்சம் எப்போதும் நாம் பெயர் பொறித்த இடத்தில் அமைவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

நம் வாழ்வுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். ஜோகுபாளையத்தில் நம்மைச் சுற்றி ஒலிப்பது தமிழ் ஒன்றே அன்று. கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் கேட்கின்றன. அலசூர்ச் சோமேசுவரர் கோயிலின் அண்மையில் வாழும் நாம், செப்டம்பர் 8 ஆம் நாள் சிவாஜிநகர் மரியன்னை ஆலயத் திருவிழாவில் எல்லாச் சமயத்தாரும் கூடுவதையும் காண்கிறோம். சமரசக் கீர்த்தனை எழுதியவருக்கு இவ்வூர் அந்நியமாகத் தோன்றியிராது.

நம் வீடுகளில் தாத்தா பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. இதனைப் புலம்பெயர்ந்தோரின் இழப்பு என்று வருந்திப் பேசுகிறோம். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் இதே நிலையில் ஒரு பணியும் அடங்கியுள்ளது. வாடகை ஒப்பந்தத்தின் கன்னட வாசகம் புரியாமல் கைந்நாட்டு வைக்கும் முதியவர் நம் தெருவில் இருக்கலாம். மருத்துவமனைப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமல் கையெழுத்திடும் தாய் இருக்கலாம். வேலை தேடி நேற்று வந்திறங்கிய இளைஞர், காவல் நிலையத்தில் தம் கட்சியைச் சொல்ல மொழியின்றி நிற்கலாம். 1862 இல் சித்தாந்த சங்கிரகம் யாருக்காக எழுந்ததோ, அவர்களே இவர்கள்.

இரு மொழி அறிந்த பிள்ளை இவர்களில் ஒருவருக்கு ஒரு தாளைப் படித்துச் சொன்னால், அது வேதநாயகரின் வழியில் வைத்த அடி. அதற்கு அப்பிள்ளைக்குத் தமிழ் வேண்டும். பேச மட்டுமன்று, படிக்கவும் எழுதவும் வேண்டும். பழம்பெருமை பேசத் தமிழ் கற்பிப்பதினும், பக்கத்து வீட்டாருக்கு உதவத் தமிழ் கற்பிப்பது பிள்ளைகளின் மனத்தில் ஆழமாக வேரூன்றும் என்பது நம் துணிபு. கன்னடத்தைக் கற்பதும் அவ்வாறே. இருகரையும் அறிந்தவரே பாலமாக முடியும்.

இறையன்பைப் பற்றி நாம் பாடலாம், எழுதலாம், மலர் வெளியிடலாம். அவையெல்லாம் நல்லனவே. ஆனால் மாயூரத்து முன்சீப்பின் வாழ்வும் எழுத்தும் நம்மை வேறொரு வினாவின் முன் நிறுத்துகின்றன. நமக்குத் தெரிந்த ஒன்று தெரியாததால் துன்புறுபவர் யார்? நம்மிடம் இருக்கும் ஒன்று இல்லாததால் பசித்திருப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு நாம் தரும் விடையே நம் எச்சமாகும். அதில் நம் பெயர் இராமல் போகலாம். சித்தாந்த சங்கிரகத்தால் நிலம் மீட்ட உழவன் எவனும் அதன் ஆசிரியரை நினைத்திருப்பான் என்பதற்கும் உறுதியில்லை. நிலம் மீண்டது. வேதநாயகர் அதனைப் போதுமானதாகக் கொண்டார். நாமும் அவ்வாறே கொள்ளக் கற்போமாக.